செப்டம்பர் பத்து, சனிக்கிழமை

போன வருடம் பன்னிரண்டு ஆட்டம், பன்னிரண்டும் வெற்றி.
டிசம்பர் ஞாயிறு மதியம்
பையன்கள் தொலைக்காட்சி முன்னால்
காலணி கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள்.
கமிட்டி பந்தி விரித்தது.
இலை எண்ணி முடிந்தது.
நாங்கள் வாசலிலேயே நின்றோம்.

"யாரை ஜெயித்தீர்கள்?"
அவ்வளவுதான் கேட்டார்கள்.
எதிரே நின்றவர்களை, என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.
எதிரே யார் நிற்பது என்று தேர்ந்தெடுத்தவளே நான்.

லோர்னா ட்வெய்ட். விளையாட்டுத் துறைத் துணை இயக்குநர்.
வடக்கு ஓஹையோவில்
ஏரிக்காற்று கன்னத்தில் அறையும் கால்டன் மில்ஸில்
ஒரு சின்னக் கல்லூரி.
ஃபுட்பாலைக் கையால் தொட்டவள் இல்லை.
என் சுவரில் பன்னிரண்டு கட்டம்.
எட்டை லீக்கே நிரப்பிவிடும்.
மிச்சம் நாலு.
அந்த நாலுக்குள்தான் என் சம்பளம்,
பயிற்சியாளர் பெட்ராகாவின் ரத்தக்கொதிப்பு,
பெண்கள் நீச்சல்குளத்துக் கூரை.

எண்பதாயிரம் பேர் கொள்ளும் மைதானக்காரர்களுக்கு
ஃபோன் போடுவேன். குரலில் வெண்ணெய்.
"வாருங்கள், வந்து ஆடிவிட்டுப் போங்கள்,
பதின்மூன்று லட்சம் டாலர்."
தோற்றுவிட்டு என்பது சொல்லாமலே விளங்கும்.
"மறுவருடம் நீங்கள் இங்கே?" என்பேன்.
லைனில் யாரோ இருமுவார்கள்.

நோஞ்சானாய் இருந்த காலத்தில்
அவர்களே கூப்பிட்டார்கள்.
ஜெயிக்க ஆரம்பித்தோம்,
உடனே அவர்கள் நாட்காட்டி நிரம்பிவிட்டது.

ஆக, நான் கற்ற வித்தை இதுதான், கேட்கக் கேவலமாக இருக்கும்:
கையெழுத்திடும் நாளில் இளைத்துத் தெரிய வேண்டும்,
ஆடும் நாளில் கொழுத்து வர வேண்டும்.
நடுவில் எட்டோ ஒன்பதோ வருடம்.
அதற்குள் அந்த மலை மணல்மேடாகிவிட்டால்
சாய்த்தும் சல்லிக்காசு பெருமை இல்லை.
மலையாகவே இருந்தால்,

இருந்தது, ஒருமுறை. தெற்கே.
ஐம்பத்தாறுக்கு மூன்று.
ஆம்ப்ரோஸ் டுகுவேயின் முட்டி உடைந்த சத்தம்
மேல்மாடம் வரை கேட்டது என்று சொன்னால் பொய்.
கண்ணாடிக்குப் பின்னால் எதுவும் கேட்காது.
திங்களன்று காசோலை வந்தது.
கூரை போட்டார்கள். இப்போது ஒழுகுவதில்லை.
ஆம்ப்ரோஸ் டொலிடோவில்
சரக்கு லாரிகளுக்கு நேரம் குறிக்கிறான்.
அவனும் அட்டவணைதான் போடுகிறான்.

இந்த வெள்ளிக்கிழமை ஒரு ஒப்பந்தம் வந்திருக்கிறது.
பணம் குறைவு. ஆனால் மறுவருடம் இங்கே வருவார்கள்,
எங்கள் பதினாறாயிரம் இருக்கைக்கு, எங்கள் காற்றுக்கு.
விலகினால் இருபது லட்சம் தண்டம்.
முதல் ஆட்டம் செப்டம்பர் பத்து, இரண்டாயிரத்து முப்பத்து மூன்று.
பெட்ராகா வயிற்றெரிச்சல் மாத்திரையை மென்றபடி
"அன்றைக்கு நான் எங்கே இருப்பேனோ, போட்டுவிடு" என்றார்.

காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
பின்தோட்டத்தில் ஒரு தக்காளிச் செடி முறிந்து கிடந்தது.
அதன்மேல் பந்து.
வேலிக்கு அந்தப் பக்கம் தியோ வனெக், நாலாம் வகுப்பு,
முன்பல் இரண்டும் பெரிது.
"எறியுங்க!"

ஒன்பதும் ஒன்பதும் பதினெட்டு.
வேண்டாம் என்றாலும் மனசு கூட்டிவிடுகிறது.

தையல் விரலில் படும்படி
எப்படிப் பிடிப்பதென்று தெரியவில்லை.
எறிந்தேன். தட்டாமாலை சுற்றி
பாதி வழியில் விழுந்தது.
"பரவாயில்லை" என்றான்.
ஓடிப்போய் எடுத்து, என்னிடமே திருப்பி எறிந்துவிட்டு
முன்னைவிட
இன்னும் பத்தடி பின்னால் போய்
நின்றுகொண்டான்.